வாங்கிய கேமின் பழைய பதிப்பு: ஐந்து வழிகளில் எது உங்களுக்கு?

ஃபால்அவுட் 4 வெளிவந்தது 2015 நவம்பரில். எட்டு வருடத்துக்கும் மேல் கழித்து, 2024 ஏப்ரல் 25 அன்று அதற்குப் பெரிய இலவச அப்டேட் ஒன்று வந்தது. மாட் (ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் மாற்றங்கள்) எதுவும் போடாமல் விளையாடியவர்களுக்கு அது சும்மா கிடைத்த பரிசு. நூறு, இருநூறு மாட்களை அடுக்கி வைத்து விளையாடியவர்களில் பலருக்கோ மறுநாள் கேம் திறக்கவே இல்லை. ரசிகர்கள் பல வருடம் உழைத்துச் செய்த ஃபால்அவுட் லண்டன் என்ற மாட், அதே ஏப்ரல் 23-ஆம் தேதி வருவதாக இருந்தது. இந்த அப்டேட்டால் தள்ளிப்போய் ஜூலை 25-ல்தான் வெளியானது. அதுவும் பழைய 1.10.163 பதிப்பின் மேல்தான் ஓடும் என்ற நிபந்தனையோடு. 2025 நவம்பர் 10 அன்று ஆனிவர்சரி பதிப்பு என்று இன்னொரு அப்டேட் வந்தது. மறுபடியும் அதே கூத்து.

அதனால்தான் இந்தக் கேள்வி ஓயவே மாட்டேன் என்கிறது: "காசு கொடுத்து வாங்கிய கேம். போன வாரம் நன்றாக ஓடிய பதிப்பு எனக்குத் திரும்ப வேண்டும். எந்த வழியில் போவது?"

வழிகள் ஐந்து இருக்கின்றன. கேம் நிறுவனமே திறந்து வைத்திருக்கும் பழைய பதிப்பு, ஸ்டீம் என்ற கணினி கேம் கடையின் கிடங்கிலிருந்து நாமே தோண்டி எடுப்பது, ஜிஓஜி கடையில் பின்னோக்கிப் போவது, அப்டேட்டுக்கு முன்பே சொந்த நகல் எடுத்து வைப்பது, அப்புறம் டிஸ்க் அல்லது கார்ட்ரிட்ஜ். இதில் எது சரிவரும் என்பது உங்கள் கணினி அறிவைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில், அந்த அப்டேட் எதற்காக வந்தது என்பதுதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

## அப்டேட் ஏன் வந்தது?

தொழில்நுட்பத்துக்காக வந்த அப்டேட் ஒரு வகை. 2022 ஜூனில் கேப்காம் நிறுவனம் ரெசிடென்ட் ஈவில் 2, 3, 7 மூன்றுக்கும் ரே டிரேசிங் (ஒளியை நிஜம் போலக் காட்டும் முறை) சேர்த்தது. கூடவே அவற்றை டைரக்ட்எக்ஸ் 12 என்ற புதிய கிராஃபிக்ஸ் அடித்தளத்துக்கு மாற்றியது. பழைய கணினி வைத்திருந்தவர்களுக்குத் தேவைகள் ஏறிவிட்டன, மாட்களும் உடைந்தன. கூச்சல் கிளம்பியதும் சில நாட்களிலேயே டைரக்ட்எக்ஸ் 11 பதிப்பை ஸ்டீமில் தனிக் கிளையாக, அதாவது வேண்டுபவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தனிப் பதிப்பாக, திருப்பி வைத்துவிட்டார்கள். இந்த வகையில் நிறுவனத்துக்குப் பழையதைத் தருவதில் நஷ்டம் எதுவும் இல்லை. கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

உரிமம் காலாவதியானதால் வரும் அப்டேட் இன்னொரு வகை. ஜிடிஏ 4 வெளியாகிப் பத்து வருடம் முடிந்தபோது, 2018 ஏப்ரலில், பல பாடல்களின் உரிமம் தீர்ந்தது. கேமுக்குள் கார் ரேடியோவில் ஓடும் ரஷ்யப் பாட்டு நிலையமான விளாதிவஸ்தோக் எஃப்எம்மில் பெரும்பாலான பாடல்கள் மாறிவிட்டன. புதிதாக வாங்குபவருக்கு மட்டும் இல்லை, முன்பே வாங்கியவருக்கும் சேர்த்துத்தான். இங்கே நீங்கள் எவ்வளவு கேட்டாலும் நிறுவனம் பழையதைத் தராது. தந்தால் பாடல் உரிமைக்காரர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள்.

மூன்றாவது வகை, பழைய கேமின் நாற்காலியில் புதிய கேமை உட்கார வைப்பது. 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு வந்தபோது, அதை வாங்காமல் பழைய வார்கிராஃப்ட் 3 மட்டும் வைத்திருந்தவர்களின் கேமும் புதிய கிளையண்டுக்கு (கணினியில் நிறுவும் மென்பொருளுக்கு) மாற்றப்பட்டது. முன்பு இருந்த சில வசதிகள் அதில் காணாமல் போயிருந்தன. எரிச்சலடைந்த வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர, கேமைச் செய்த பிளிஸ்ஸார்ட் நிறுவனம் இறங்கி வந்தது. அப்போது பழைய கிளையண்டைத் திருப்பித் தரவில்லை. இந்த வகையில் எல்லாம் நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

பழைய பதிப்பின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது முதலாவது. கடைக்காரர் நினைத்தால் நாளைக்கே மூடிவிடக் கூடிய வழியா, உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் வழியா? ஸ்டீம் 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே, நீங்கள் வாங்குவது பொருளுக்கான லைசென்ஸ்தான் என்று எழுதிவிட்டது. டிஜிட்டல் பொருளை விற்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியா சட்டம் 2025 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. எந்தப் பதிப்புக்கு லைசென்ஸ் என்று அந்த வரியில் எதுவும் இல்லை.

இரண்டாவது, உங்களுக்கு வேண்டிய அதே பதிப்பு எண் கிடைக்குமா என்பது. மாட் போடுபவருக்கு 'ஏறத்தாழ பழையது' உதவாது. ஃபால்அவுட் 4-க்கான எஃப்4எஸ்இ என்ற துணை நிரல் கேமின் இயங்கு கோப்புக்குள் குறிப்பிட்ட முகவரிகளில் போய்க் கொக்கி போட்டுத்தான் வேலை செய்கிறது. இயங்கு கோப்பு மாறினால் முகவரிகள் எல்லாம் இடம் பெயர்ந்துவிடும். கொக்கி காற்றில் தொங்கும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனிலும் இதேதான் நடந்தது. 2021 நவம்பர் அப்டேட்டுக்குப் பிறகு மாட் உலகமே 1.5.97 ஆட்கள், 1.6 ஆட்கள் என்று இரண்டாகப் பிரிந்தது.

மூன்றாவது சேவ் கோப்பு, அதாவது நீங்கள் விளையாடி எட்டிய நிலையைச் சேமித்து வைக்கும் கோப்பு. பழைய சேவ் புதிய பதிப்பில் பொதுவாகத் திறக்கும். புதிய சேவ் பழைய பதிப்பில் பெரும்பாலும் திறக்காது. ஸ்டார்டியூ வேலியில் 1.6-ல் சேமித்த பண்ணையை 1.5-க்குக் கொண்டுபோக முடியாது. அப்டேட் வந்து இருபது மணி நேரம் விளையாடிய பிறகு 'பழையது வேண்டும்' என்று நினைத்தால் அந்த இருபது மணி நேரத்தையும் விட்டுவிடத் தயாராக இருக்க வேண்டும்.

நான்காவது, இணையமும் பாதுகாப்பும். பழைய பதிப்பில் பழைய ஓட்டைகளும் இருக்கும். ஐந்தாவது, நேரம், டேட்டா, இடம். இவற்றைக் கடைசியில் சொன்னாலும், நடைமுறையில் பலரைக் கைவிட வைப்பது இவைதான்.

## வழி 1: நிறுவனமே வைத்திருக்கும் பழைய கிளை

ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பெயர் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் திறந்தால் பீட்டாஸ் என்று ஒரு பகுதி இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வரப்போகிற பதிப்புகளைச் சோதிக்க வைத்த இடம்தான். ஆனால் பல நிறுவனங்கள் போய்விட்ட பதிப்புகளையும் அங்கேதான் வைக்கின்றன. விட்சர் 3-க்கு 2022 டிசம்பர் 14 அன்று 4.0 அப்டேட் வந்தபோது, பழைய 1.32 பதிப்பு கிளாசிக் என்ற பெயரில் அங்கே கிடைத்தது. ஃபேக்டோரியோ, ரிம்வேர்ல்டு, பாரடாக்ஸ் நிறுவனத்தின் வியூக விளையாட்டுகள் எல்லாம் வரிசையாகப் பழைய எண்களை அடுக்கி வைத்திருக்கின்றன. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டீம் தானே இறக்கி, அந்தக் கிளையிலேயே நிறுத்தியும் வைக்கும். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

இதில் மன்னன் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புதான். அதன் அதிகாரபூர்வ லாஞ்சரிலேயே (கேமைத் திறக்கும் மென்பொருள்) ஆல்ஃபா காலத்து எண்கள் வரை இருக்கின்றன. 2016-ல் வந்த 1.9 சண்டை முறையை மாற்றியது பிடிக்காமல், இன்னமும் 1.8.9-லேயே சண்டை போடுகிற கூட்டம் உண்டு. அவர்களை யாரும் தடுக்கவில்லை. எல்லா நிறுவனமும் இப்படி இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது.

மறைமுகச் செலவுகள் இரண்டு. முதலாவது, மாட்களைப் பகிர ஸ்டீம் நடத்தும் வொர்க்‌ஷாப். கேம் பழைய கிளையில் நின்றாலும், வொர்க்‌ஷாப்பில் நீங்கள் சேர்த்த மாட்கள் பெரும்பாலும் அவற்றின் புதிய பதிப்புக்கே தாமாக ஏறிவிடும். நேற்று ஓடிய கூட்டணி இன்று முறுக்கிக்கொள்ளும். ரிம்வேர்ல்டு மாட்கள் பலவற்றில் ஒவ்வொரு கேம் பதிப்புக்கும் தனி ஃபோல்டர் இருப்பதால் அங்கே தொல்லை குறைவு. மற்ற இடங்களில் மாட் கோப்புகளைத் தனியே நகல் எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம். இரண்டாவது, சேவ் கோப்பை ஸ்டீம் இணையத்தில் வைத்துக்கொள்ளும் கிளவுட் சேவ். பழைய கிளைக்கு மாறும் முன் கிளவுட் ஒத்திசைவை நிறுத்திவிட்டு, சேவ் ஃபோல்டரை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். எந்தப் பக்கத்துச் சேவ் எதன் மேல் ஏறும் என்று பிறகு யோசித்துப் பயனில்லை.

அப்புறம் பாதுகாப்பு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் நூலகத்தின் ஓட்டை வெளியே தெரிந்தபோது, மைன்கிராஃப்டின் பல வருடப் பதிப்புகள் ஒரே நேரத்தில் சிக்கலில் மாட்டின. அதிகாரபூர்வ லாஞ்சரில் விளையாடியவர்களுக்குக் கேமைச் செய்த மொஜாங்கே சரிசெய்துவிட்டது. மாட் போட்ட கிளையண்டு வைத்திருந்தவர்களும், பழைய எண்ணில் சர்வர் நடத்தியவர்களும் தாங்களாகவே வேலை பார்க்க வேண்டியிருந்தது. தனியாக விளையாட மட்டும் பழைய பதிப்பு என்றால் கவலைப்பட அவ்வளவு இல்லை. முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து விளையாட என்றால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இதைத் தேர்ந்தெடுங்கள்: பட்டியலில் உங்கள் எண் இருந்தால், மறுயோசனையே வேண்டாம். அடுத்த வழிகளைப் படிக்கும் முன் பீட்டாஸ் பகுதியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

## வழி 2: ஸ்டீம் கிடங்கிலிருந்து தோண்டி எடுப்பது

பட்டியலில் இல்லை. அப்படியானால்?

ஸ்டீம் ஒவ்வொரு கேமையும் டெப்போ எனப்படும் மூட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. இயங்கு கோப்பு ஒரு மூட்டையில், ஒலியும் படமும் இன்னொன்றில், ஆங்கிலக் குரல் வேறொன்றில் என்று. ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அந்த மூட்டைக்கு மேனிஃபெஸ்ட் என்ற புதிய சரக்குப் பட்டியல் போடப்படும். பழைய பட்டியலின் எண் தெரிந்தால், கேமை வாங்கியவர் அந்தப் பழைய சரக்கைக் கேட்டு வாங்க முடியும்.

செய்முறை இப்படி. விண்டோஸ் ரன் பெட்டி வழியாக ஸ்டீமின் கன்சோல் பகுதியைத் திறக்க வேண்டும். டெப்போவை இறக்கும் கட்டளையோடு மூன்று எண்களைத் தர வேண்டும்: கேமின் எண் (ஃபால்அவுட் 4-க்கு 377160), டெப்போ எண், மேனிஃபெஸ்ட் எண். எந்தத் தேதிக்கு எந்த மேனிஃபெஸ்ட் என்பதை ஸ்டீம் கேம்களின் விவரங்களைத் திரட்டும் ஸ்டீம்டிபி தளத்தில் பார்க்கலாம். என்டர் தட்டியதும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். சதவீதம் ஓடாது, பட்டை நிரம்பாது. டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் வேகத்தைப் பார்த்துத்தான் ஏதோ இறங்குகிறது என்று சமாதானப்பட வேண்டும். கடைசியில் டவுன்லோடு முடிந்தது என்று ஒரே ஒரு வரி வரும். கோப்புகள் எங்கே விழுந்தன என்ற பாதையும் அதிலேயே இருக்கும். அது கேமின் வழக்கமான ஃபோல்டர் இல்லை. ஸ்டீம்ஆப்ஸுக்குள் கன்டென்ட் என்ற தனி ஃபோல்டர். அங்கிருந்து எடுத்து, கேம் ஃபோல்டரின் மேல் நாமே ஒட்ட வேண்டும். இதை ஒவ்வொரு டெப்போவுக்கும் செய்ய வேண்டும். டிஎல்சி எனும் கூடுதல் பகுதிகள் வாங்கியிருந்தால் அவற்றுக்கும்.

எல்லா மூட்டையும் தேவைப்படுவதில்லை என்பது ஒரு ஆறுதல். ஸ்கைரிம் ஆட்களில் பலர் பழைய இயங்கு கோப்பையும் புதிய தரவுக் கோப்புகளையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். உங்கள் மாட்கள் எதைக் கேட்கின்றன என்று முதலில் படித்துவிட்டால், பல ஜிபி டவுன்லோடு சில எம்பியாகச் சுருங்கலாம். படிக்காமல் இறங்கினால் முப்பது ஜிபிக்கு மேல் போகும். வீட்டில் ஃபைபர் இருந்தால் சரி. நாளுக்கு 2 ஜிபி தரும் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

இதைச் சுலபமாக்குவதாகச் சொல்லும் டவுன்கிரேடர் கருவிகள் மாட் தளங்களில் நிறைய உண்டு. பெரிய கேம்களுக்குச் சில நல்லவை. நம்பகமானவை உங்களிடம் உள்ள கோப்பை மாற்றித் தருபவையாகவோ, உங்கள் ஸ்டீம் கணக்கு வழியே இறக்குபவையாகவோ இருக்கும். கேமின் முழு இயங்கு கோப்பையே உங்கள் கையில் திணிக்கும் தளம் எதுவானாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அது திருட்டு நகல், உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

இந்த வழியின் பெரிய பலவீனம், இது ஒரு பக்கவாட்டுக் கதவு என்பது. இதை எப்போதும் திறந்து வைப்போம் என்று ஸ்டீம் வாங்குபவருக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. இன்னொன்றும் உண்டு: இறக்கி ஒட்டி முடித்த பிறகும் ஸ்டீமின் கண்ணுக்கு உங்கள் கேம் 'அப்டேட் ஆகாத கேம்' தான். பிளே பொத்தானைத் தவறுதலாக ஒரு முறை அழுத்தினால் உழைப்பு முழுவதும் போச்சு. அப்டேட் அமைப்பை 'திறக்கும்போது மட்டும்' என்று மாற்றி, அதன்பின் ஸ்டீம் பொத்தானைத் தொடாமல் எஃப்4எஸ்இ போன்ற லாஞ்சர் வழியாகவே திறப்பதுதான் மாட் ஆட்களின் வழக்கம்.

இதைத் தேர்ந்தெடுங்கள்: ஏற்கெனவே ஸ்டீமில் வாங்கிவிட்டீர்கள், அப்டேட்டும் ஏறிவிட்டது, பீட்டாஸில் எதுவும் இல்லை, கேம் தனியாள் கேம். உரிமம் போன பாடல்களைத் தேடுபவர்களுக்கும் டிஜிட்டலில் மிஞ்சியிருக்கும் கதவு இதுதான்.

## வழி 3: ஜிஓஜி

2008-ல் போலந்தின் சிடி புராஜெக்ட் குழுமம் தொடங்கிய கடை. இங்கே விற்கும் கேம்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு இல்லை. பழைய பதிப்பு விஷயத்தில் இதற்கு இரண்டு முகம் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேலக்ஸி என்ற அவர்களின் கிளையண்டு ஒரு முகம். கேமின் அமைப்பில் தானியங்கி அப்டேட்டை அணைத்தால் பதிப்பு எண்களின் பட்டியல் வரும். வேண்டியதைச் சொடுக்கினால் அதற்கு இறங்கிவிடும். ஸ்டீம் கன்சோலில் அரை நாள் எடுக்கும் வேலை இங்கே இரண்டு கிளிக். ஆனால் எல்லாக் கேமுக்கும் எல்லா எண்ணும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆஃப்லைன் இன்ஸ்டாலர் மற்றொரு முகம். கணக்குப் பக்கத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளும் கோப்பு. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் எழுதியிருக்கும். பெரிய கேமாக இருந்தால் 4 ஜிபி துண்டுகளாக வரும். இதை வைத்துக்கொண்டால் ஜிஓஜியே இல்லாத ஊரில்கூட நிறுவலாம். சிக்கல் என்னவென்றால், அந்தப் பக்கத்தில் இருப்பது பொதுவாக இன்றைய பதிப்பு மட்டும்தான். போன வருடத்து இன்ஸ்டாலர் வேண்டும் என்றால் போன வருடமே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஜிஓஜியில் வாங்கினேன், எப்போதும் என்னுடையது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிப்பதே இல்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஸ்டீமில் ஏற்கெனவே வாங்கியதை இங்கே மறுபடி வாங்க வேண்டும். ஸ்டீமில் ரூபாய் விலையும் யூபிஐயும் உண்டு. வேறு கடையில் டாலரில் கட்ட நேர்ந்தால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் சத்தமில்லாமல் சேரும். ஸ்டீம் வொர்க்‌ஷாப் மாட்கள் இங்கே வராது. சில நிறுவனங்கள் ஜிஓஜி பதிப்புக்கு அப்டேட்டைத் தாமதமாகத் தருகின்றன. பழைய பதிப்பை விரும்புபவருக்கு இது குறையா நிறையா என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேல், பல பெரிய கேம்கள் இங்கே விற்பனைக்கே வருவதில்லை.

இதைத் தேர்ந்தெடுங்கள்: இன்னும் வாங்கவில்லை, கேம் இங்கே இருக்கிறது, வொர்க்‌ஷாப் தேவையில்லை. மாட் போட்டு விளையாடப்போகும் தனியாள் கேம் என்றால் தள்ளுபடிக்குக் காத்திருந்தாவது இங்கே வாங்குவது நல்லது. விண்டோஸ் 7 கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கும் ஆஃப்லைன் இன்ஸ்டாலரே கதி. 2024 ஜனவரி 1-லிருந்து ஸ்டீம் அங்கே ஆதரவை நிறுத்திவிட்டது.

## வழி 4: அப்டேட்டுக்கு முன் சொந்த நகல்

யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத வழி. கேம் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஃபோல்டர் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஸ்டீம் கேம் என்றால் ஸ்டீம்ஆப்ஸுக்குள் அந்தக் கேமின் எண் போட்ட ஆப்மேனிஃபெஸ்ட் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேவ் ஃபோல்டர் பெரும்பாலும் டாகுமென்ட்ஸ் பக்கம் தனியாக இருக்கும். அதை மறந்துவிடுபவர்களே அதிகம்.

இதன் பலம், நீங்கள் விளையாடிய அதே நிலை, மாட்களோடு சேர்த்து, அப்படியே உறைந்து நிற்பது. பலவீனம், நாளைக்கு அப்டேட் வரும் என்று இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தேதியை முன்கூட்டி அறிவித்த அப்டேட்டுகளுக்கு நேரம் கிடைக்கும். இரவோடு இரவாக வருபவைக்குக் கிடைக்காது.

நகல் எடுத்துவிட்டால் சுதந்திரம் வந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டீமின் சொந்தப் பூட்டு போட்ட கேம், பழைய நகலானாலும் ஸ்டீம் உள்நுழைந்திருந்தால்தான் திறக்கும். ஆஃப்லைன் முறையில் சமாளிக்கலாம். டெனூவோ என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்ட கேம் புதிய கணினியில் ஒருமுறையாவது சர்வரைத் தொட்டாக வேண்டும். எப்போதும் இணையம் கேட்கும் கேமின் நகல் வெறும் இடத்தை அடைக்கும் சுமை. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் தி க்ரூ கேமின் சர்வர்களை அணைத்தபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏஏ), நிரலை முறையாக வைத்திருப்பவர் இழப்பு, சேதம் ஆகியவற்றிலிருந்து பாதுகாக்க நகல் எடுப்பதை மீறலாகப் பார்ப்பதில்லை. அது உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். நண்பருக்குக் கொடுப்பது அதில் வராது. பூட்டை உடைப்பது வேறு கதை. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ அதற்குத் தனியே இருக்கிறது. இந்த எல்லைக்குள் நிற்கும்வரை ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் வைத்திருப்பதற்குக் கூச்சப்பட எதுவும் இல்லை.

இதைத் தேர்ந்தெடுங்கள்: வருடக்கணக்கில் ஒரே கேமை மாட்களோடு ஓட்டுபவர். வேறு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பழைய பதிப்பு ஒருமுறை ஒழுங்காக ஓடியவுடன் இதையும் சேர்த்துச் செய்துவிட வேண்டும்.

## வழி 5: டிஸ்க், கார்ட்ரிட்ஜ்

கன்சோலில் டிஜிட்டலாக வாங்கியவர்களுக்குச் சுருக்கமான பதில்: இறக்கினால் கடைசிப் பதிப்புதான். பட்டியல் இல்லை, பக்கவாட்டுக் கதவும் இல்லை. டிஸ்க்கிலோ கார்ட்ரிட்ஜிலோ வாங்கியவர்கள், கேமை அழித்துவிட்டு இணையத்தைத் துண்டித்து மறுபடி நிறுவினால் அதில் அச்சான பதிப்புக்குத் திரும்பலாம். நடுவில் வந்த எண்கள் கிடைக்காது. செல்டாவின் டியர்ஸ் ஆஃப் த கிங்டமில் பொருட்களை இரட்டிப்பாக்கும் குறுக்கு வழிகளை 2023 மேயில் 1.1.2 அப்டேட் அடைத்தது. 1.1.1-லேயே நிற்க விரும்பியவர்கள் அப்டேட்டை ஏற்காமல் இருந்தார்கள். ஏற்றிய பிறகு அந்த எண்ணுக்கே திரும்ப வழியில்லை.

கணினி டிஸ்க்குகளுக்கும் இங்கே மதிப்பு உண்டு. பழைய வார்கிராஃப்ட் 3, பழைய பாடல்களோடு ஜிடிஏ 4 இரண்டுக்கும் முதல் அச்சு டிஸ்க்கே சுத்தமான மூலம். ஆனால் ஸ்விட்ச் 2 வாங்குபவர்கள் பெட்டியின் முகப்பைப் படியுங்கள்: கேம் கீ கார்டு என்று போட்டிருந்தால் உள்ளே சாவி மட்டுமே இருக்கிறது, கேம் இணையத்திலிருந்துதான் இறங்கும்.

கைபேசி கேம்களுக்கு நம்பிக்கை தர என்னிடம் எதுவும் இல்லை. ஆப் ஸ்டோர் பழைய ஐஃபோனுக்குச் சில சமயம் 'பொருந்தும் கடைசிப் பதிப்பை' தரும். அதைத் தேர்ந்தெடுப்பது அது, நீங்கள் இல்லை. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் கேம்கள் மொத்தமாக ஓடாமல் போயின.

## ஒரே பார்வையில்

| வழி | சாவி யாரிடம் | சரியான எண் கிடைக்குமா | சிரமம் | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நிறுவனத்தின் கிளை | நிறுவனம் | பட்டியலில் இருந்தால் | மிகக் குறைவு | வொர்க்‌ஷாப் மாட்கள் முந்திக்கொள்வது |
| ஸ்டீம் டெப்போ | ஸ்டீம் | பெரும்பாலும் | அதிகம் | டேட்டா, ஒரு தவறான கிளிக் |
| ஜிஓஜி கேலக்ஸி | ஜிஓஜி | பல கேம்களுக்கு | குறைவு | மறுபடி வாங்குவது |
| சொந்த நகல் | நீங்கள் | எடுத்து வைத்தது மட்டும் | நடுத்தரம் | ஹார்டு டிஸ்க், பூட்டுகள் |
| டிஸ்க், கார்ட்ரிட்ஜ் | நீங்கள் | அச்சான எண் மட்டும் | குறைவு | நடு எண்கள் இல்லை |

எபிக் கடையும் மைக்ரோசாஃப்ட் கடையும் அட்டவணையில் ஏன் இல்லை என்று கேட்கலாம். பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதியை அவை வாங்குபவருக்குத் தருவதில்லை. அங்கே வாங்கியிருந்தால் நான்காவது வழி ஒன்றுதான் மிச்சம். மைக்ரோசாஃப்ட் கடையின் பூட்டிய ஃபோல்டரில் அதுவும் கஷ்டம்.

## இப்போது என்ன செய்வது

நேற்று அப்டேட் ஏறி இன்று மாட்கள் உடைந்து நிற்பவர், அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். எஃப்4எஸ்இ போன்ற துணை நிரல்கள் பெரிய கேம்களுக்கு நாட்களிலோ வாரங்களிலோ புதிய பதிப்புக்கு ஏற்றபடி வந்துவிடும். உங்கள் பட்டியலில் இருக்கும் முக்கியமான மாட்களைச் செய்தவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால், இரண்டு வாரம் காத்திருப்பதே எல்லா வழிகளையும்விட மலிவு. அவர்கள் வருடக்கணக்கில் தலைகாட்டவில்லை என்றால் மட்டும் டெப்போ பக்கம் போங்கள். இந்த ஒரு கணக்கைப் போடாமல் முப்பது ஜிபியை இறக்கியவர்கள் ஏராளம்.

கணினி பழசு, புதிய அப்டேட்டின் தேவைகளுக்கு எட்டாது என்பவர் முதலில் நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம். கேப்காம் விஷயத்தில் நடந்தது மற்ற இடங்களிலும் நடக்கலாம். கேட்பவர்கள் அதிகமானால் கிளை திறப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடுபவருக்குப் பழைய பதிப்பு என்பது பெரும்பாலும் கனவுதான். சர்வர் ஏற்காது, ஏற்றாலும் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி சீட் மென்பொருள் விடாது. மைன்கிராஃப்ட் மாதிரி தனி சர்வர் நடத்தக் கூடிய கேம்கள் விதிவிலக்கு. அங்கே எல்லோரும் ஒரே எண்ணில் நிற்க ஒப்புக்கொண்டால் போதும்.

இன்னும் வாங்காமல் யோசித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் வேலை மிகச் சுலபம். ஸ்டீம்டிபியில் அந்தக் கேமின் பக்கத்தைத் திறந்து, கிளைகளின் பட்டியலைப் பாருங்கள். பழைய எண்கள் வரிசையாக இருந்தால் ஸ்டீமிலேயே தைரியமாக வாங்கலாம். ஒரே ஒரு பப்ளிக் கிளை மட்டும் இருந்தால் ஜிஓஜியில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லை, டெனூவோவும் போட்டிருக்கிறது என்றால், இன்றைக்கு இருக்கும் பதிப்பு அடுத்த வருடம் இருக்காது என்று எடுத்துக்கொண்டு, தள்ளுபடி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.